ஆண்டறிக்கை 2024–25: கவச விசிறிகளின் கண்காணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது நம் வானிலை நிலையங்களுக்கு வீட்டில் செய்த வெப்பமானிக் கவசங்களின் (வெப்பநிலை சென்சார்மேல் வெயில் படாமல் மூடும் உறைகளின்) விசிறியைப் பற்றித்தான். உறைக்குள் காற்றை ஓட வைப்பது அந்த விசிறி. அதனால் அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே.

விசிறி நின்றாலும் நிலையம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆபத்தே அதில்தான். காற்றசையாத சித்திரை மதியத்தில் சென்சார் சில டிகிரி கூட்டிக் காட்டும். பட்டியலைப் பார்ப்பவர் கடும் வெயில் என்று நம்பிவிடுவார். விசிறியை நம்பிக் கட்டிய குழாய்க் கவசத்தில் காற்று தானாகப் புக வழி குறைவு. எனவே விசிறி நின்ற கவசத்தைவிட, விசிறியே வைக்காத தட்டடுக்குக் கவசம் (இடைவெளி விட்டுத் தட்டுகளை அடுக்கியது) மேல். சென்சார்மீது நொடிக்கு 2.5 முதல் 10 மீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும் என்கிறது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி.

12 வோல்ட், 80 மில்லிமீட்டர், மூன்று ஒயர் விசிறியே போதும். சிவப்பு மின்சாரம், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேக்கோ (விசிறி சுற்றுவதைத் துடிப்புகளாகச் சொல்லும் ஒயர்). பெரும்பாலான விசிறிகளில் மஞ்சள் ஒயர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும். அது தானாக வோல்டேஜ் தராது, கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே செய்யும். அதனால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்டோடு இணைக்க வேண்டும். 12 வோல்டோடு இணைத்தால் துடிப்பை எண்ணும் போர்டு போய்விடும். இஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டில் 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் ரெசிஸ்டர் கிடையாது. வெளி ரெசிஸ்டரை மறந்தால் எண்ணிக்கை தாறுமாறாக ஓடும். நீண்ட ஒயரில் வரும் இரைச்சலுக்கு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். பத்து நொடித் துடிப்புகளை மூன்றால் பெருக்கினால் நிமிடச் சுற்று வரும்: 800 துடிப்பு என்றால் 2400.

மூன்று ஒயர் விசிறியின் வேகத்தைக் குறைக்க மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளே இருந்து சுற்றைக் காந்தத்தால் உணரும் ஹால் சென்சாரும் அதோடு அணைந்து எழுவதால் டேக்கோ எண்ணிக்கைக்கு அர்த்தமில்லாமல் போகும். வேகக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் நான்கு ஒயர் விசிறி வாங்குங்கள். குழாய் செங்குத்தாக நின்றால் விசிறியின் அச்சும் செங்குத்துதான். அந்த நிலையில் ஸ்லீவ் பேரிங் சீக்கிரம் தேயும், பால் பேரிங் கேட்டு வாங்குங்கள். விசிறி எப்போதும் சென்சாரைத் தாண்டி இருந்து காற்றை உறிஞ்ச வேண்டும். ஊதினால் மோட்டார் சூடு சென்சார்மேல் படும்.

மின்தடை தனிக் கவனம் கேட்கிறது. போர்டு பேட்டரியிலும் விசிறி வீட்டு அடாப்டரிலும் இருந்தால், மதிய மின்தடையில் விசிறி மட்டும் நிற்கும். அன்றைய உச்ச வெப்பநிலை கெட்டுப்போகும். இரண்டும் ஒரே பேட்டரியில் இருக்கட்டும். 0.1 ஆம்பியர் விசிறி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 வாட்-மணி எடுக்கும். சோலார் பேட்டரியில் வோல்டேஜ் பகலில் 14க்கு மேலும் விடியலில் 12க்கு அருகிலும் இருக்கும், சுற்றும் கூடவே இறங்கும். ரெகுலேட்டர் போட்டு 12 வோல்டில் நிறுத்தாவிட்டால் விடியற்காலையில் பொய் எச்சரிக்கைதான் வரும்.

டேக்கோவுக்கும் ஒரு எல்லை உண்டு. குளவி நுழைவாயிலில் மண்கூடு கட்டினாலோ, வலையில் தூசி அப்பினாலோ, இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும்; காற்று மட்டும் வராது. மெல்லிய டிஷ்யூ தாள் துண்டைக் கவசத்தின் நுழைவாயிலருகே பிடியுங்கள். உள்ளே இழுபட்டு வலையில் ஒட்ட வேண்டும். தொங்கியே நின்றால் கழற்றிக் கழுவுங்கள். அக்னி நட்சத்திரத்துக்கு முன்பும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பின்பும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: ஒவ்வொரு பதிவு வரியிலும் வெப்பநிலைக்கு அருகே விசிறிச் சுற்றும் வோல்டேஜும் இருக்க வேண்டும். பொருத்திய நாளின் சுற்றில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த வரிக்குக் குறியிட்டு, நாள் உச்சக் கணக்கிலும் தாழ்நிலைக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. விசிறி மீண்டும் ஓடிய பிறகு, கவசச் சூடு தணியப் பத்து நிமிடப் பதிவுகளுக்கும் அதே குறி. உறுப்பினர்கள் இதை விவாதித்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்