பள்ளிச் சந்தை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அரசு உயர்நிலைப் பள்ளி,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நம் பள்ளி வளாகத்தில் பள்ளிச் சந்தை நடத்துவதென்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். மேலதிகாரிகளின் அனுமதியும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூட்டம் வருமே என்று சிலர் கேட்டீர்கள். ஞாயிறு போச்சம்பள்ளி வாரச்சந்தை. ஆடோ கோழியோ தேங்காயோ விற்கவும் வாங்கவும் உங்களில் பாதிப் பேர் அங்கே போய்விடுவீர்கள். அந்தச் சந்தையோடு மல்லுக்கு நிற்க நமக்குத் தெம்பில்லை. ஆடி பிறந்துவிட்டாலோ ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுவது தொடங்கிவிடும். அதனால்தான் ஆனிக்குள் முடிக்கப் பார்க்கிறோம்.

எதற்காக இந்தச் சந்தை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் வருகின்றன. நம் பெண்பிள்ளைகள் கபடியிலும் கோ-கோவிலும் நன்றாக ஆடுகிறார்கள். போன வருடம் அவர்கள் ஆடியதை நேரில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதி, முதுகில் நான்கு ஊக்குக் குத்திக்கொண்டு இறங்கினார்கள். பிடித்து இழுத்ததில் அட்டை கிழிந்து, 7 என்ற எண் பாதி ஆட்டத்துக்கு மேல் 1 ஆகத்தான் தெரிந்தது. ஜெர்சி ஒரு செலவு என்றால் வேன் வாடகை அதைவிடப் பெரிய செலவு. இரண்டு பஸ் மாறிப் போய், இருட்டிய பிறகு திரும்புவதென்றால் மகளை அனுப்ப எந்த வீட்டிலும் யோசிக்கத்தான் செய்வார்கள். வேன் இருந்தால், ஆசிரியை கூடவே போய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவார். சந்தையில் சேரும் பணம் ஜெர்சிக்கும் வேனுக்கும் மட்டும்தான். காம்பவுண்டுச் சுவருக்குப் பெயின்ட், மேடைக்கு டைல்ஸ் என்றெல்லாம் வந்த யோசனைகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் என்று வசூலித்தால் எதற்கும் பற்றாது.

நன்கொடை என்று யாரும் பிள்ளைகள் கையில் பணம் கொடுத்தனுப்ப வேண்டாம். கொடுத்தனுப்பினாலும் வகுப்பாசிரியர் வாங்க மாட்டார். எங்களுக்கு வேண்டியது பொருளும், உங்களுடைய இரண்டு மணி நேர உழைப்பும்.

இதற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்புக் கணக்கில் ‘வாழ்வியல் கணிதம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது: இலாபம், நட்டம், தள்ளுபடி. அந்தப் பிள்ளைகளிடமே சந்தைக் கணக்கை ஒப்படைத்திருக்கிறோம். பஜ்ஜி ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலை மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் கடையில் வாங்கி 7 ரூபாய் செலவானால் மிச்சம் 3 ரூபாய்தான். அதுவும் எல்லாம் விற்றுத் தீர்ந்தால். இருபது பஜ்ஜி மீந்துபோனால் எத்தனை பஜ்ஜியின் இலாபம் போகும் என்று போர்டில் போட்டுப் பார்த்தவர்கள், “சார், பஜ்ஜி வேணாம் சார்” என்றார்கள். பஜ்ஜியை அடியோடு விடவில்லை, ஒரே ஒரு அடுப்போடு நிறுத்திக்கொண்டோம்.

ஆக, கையில் நிற்கும் காசு உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் இருந்து வரும் பொருளில்தான். சந்தூர்ப் பக்கம் நர்சரி வைத்திருப்பவர்களும் அங்கே வேலைக்குப் போகிறவர்களும் மா ஒட்டுச்செடி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்கு முன் நட வாங்குவோர் இருக்கிறார்கள், நல்ல விலைக்குப் போகும். பர்கூர் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் அம்மாக்கள் கட் பீஸ் கொண்டுவந்தால், தையல் தெரிந்தவர்கள் துணிப்பை தைத்துவிடலாம். வேர்க்கடலை, புளி, தேங்காய், கேழ்வரகு மாவு எது இருந்தாலும், ஒரு படியானாலும் சரி, வாங்கிக்கொள்வோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் கைடு, பழைய கதைப் புத்தகம், ஓடுகிற நிலையில் உள்ள சைக்கிள் ஆகியவற்றுக்குத் தனிக் கடை உண்டு. ஓடாத மிக்ஸியைத் தயவுசெய்து நம் தலையில் கட்டாதீர்கள்!

தின்பண்டங்களில் நிப்பட்டு, எள்ளுருண்டை, ராகி அடை, கம்பங்கூழ், உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை இவ்வளவு போதும். கலர்ப் பொடி சேர்த்தது வேண்டாம். ஒருமுறை காய்ந்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம். சீசன் கடைசி என்பதால் மாம்பழத்தில் நீலமும் பெங்களூராவும்தான் பெரும்பாலும் வரும். வைக்கோலில் பழுத்ததை மட்டுமே கடையில் வைப்போம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கப், கேரி பேக் 2019 முதல் தடையில் இருப்பதால் பாக்குமட்டைத் தட்டும் மந்தாரை இலையும் வாங்குகிறோம். கூழ் குடிக்க வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவாருங்கள்.

குலுக்கல் சீட்டுப் போட்டால் ஒரே நாளில் பெரிய தொகை பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. தடை இல்லாவிட்டாலும் பிள்ளைகள் கையில் சீட்டுக் கட்டைக் கொடுத்து வீடு வீடாக விற்றுவரச் சொல்ல எனக்கு மனம் வராது. வளையம் எறிதல், பல்லாங்குழி, குறிபார்த்துப் பந்து எறிதல் இருக்கும்; பரிசு பென்சில், ஸ்கேல்.

கடைகளில் காசு கைமாறாது. வாசலில் 5 ரூபாய், 10 ரூபாய் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே வரவேண்டும். மீந்த டோக்கனை 4 மணிக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ளலாம். போனில் பணம் அனுப்புவோர், வாசலில் ஒட்டியிருக்கும் பள்ளிக் கணக்கின் கியூஆர் கோடுக்கு மட்டும் அனுப்புங்கள், எந்த ஆசிரியரின் நம்பருக்கும் வேண்டாம். இன்னொன்று: எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே வகுப்பில் ஆளுக்கு 20 ரூபாய் டோக்கன் கொடுத்துவிடுவோம். அந்தச் செலவு ஆசிரியர்களுடையது. அதே நிறம், அதே சீல். எந்தப் பிள்ளை வீட்டிலிருந்து காசு கொண்டுவந்தது, எது கொண்டுவரவில்லை என்று கடைக்காரருக்குத் தெரியாது. தெரியக்கூடாது.

சாமியானா போடவில்லை. ஆனிக் கடைசியிலேயே நம் பக்கம் காற்று தொடங்கிவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், சாமியானா எம்மாத்திரம்? கடைகள் வராந்தாவிலும் வேப்பமரத்தடியிலும். அடுப்பு மட்டும் காற்று அடிக்காத பின்பக்கம், மணல் வாளியோடு, சுற்றிலும் கயிறு கட்டித் தனியாக இருக்கும். அந்தக் கயிற்றுக்குள் பிள்ளைகளை விடமாட்டோம். டூவீலர்களை வெளியே நிறுத்துங்கள்.

சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள் நாள் முழுக்க நிற்க முடியாது என்பது தெரியும். இரண்டு இரண்டு மணி நேரமாக மூன்று முறை பிரித்திருக்கிறோம். நைட் ஷிப்ட் முடித்து வருபவர்கள் தூங்கி எழுந்து கடைசி முறைக்கு வந்தால் போதும். அப்பாக்களே, பெஞ்சு தூக்க மட்டும் வந்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும்.

மாலை 4.30 மணிக்கு அலுவலக அறையில், நிற்க விரும்பும் பெற்றோர் எல்லோர் முன்னிலையிலும் பணத்தை எண்ணுவோம். அன்று இரண்டாம் சனி, வங்கி கிடையாது. எண்ணிய தொகையைத் தாளில் எழுதி, இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து பீரோவில் பூட்டுவோம். சாவி மேலாண்மைக் குழுத் தலைவியிடம் இருக்கும். அவரும் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான். திங்கள் காலை அவரும் நானும் சேர்ந்து போய்க் குழுவின் கணக்கில் கட்டுவோம். வரவு செலவை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி அந்த வாரமே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். வேன் வாடகை ரசீதும் ஜெர்சி பில்லும் வர வர அதன் பக்கத்திலேயே ஒட்டப்படும். சந்தேகம் இருந்தால் வெளியே பேசாமல் என்னிடமே கேளுங்கள்.

கீழே உள்ள சீட்டில் என்ன பொருள் தருகிறீர்கள், எந்த நேரத்துக்கு வர முடியும் என்று எழுதி, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத வராதவர்கள் பிள்ளையிடம் வாயால் சொல்லியனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்