கார்த்திக்கு அம்மா எழுதுவது

கார்த்தி,

உன் கம்பெனியில் எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் என் போனுக்கு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது நீ கொடுத்த நம்பர் என்னுடையதுதானே, இன்னும் மாற்றவில்லை போல. அம்மா ஏன் திறந்து பார்த்தாள் என்று கோபம் வரும். லேபில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் கையில் ரிப்போர்ட் கிடைத்தால் பார்க்காமல் இருப்பாளா? அப்பாவிடம் காட்டவில்லை. ஃபேட்டி லிவர் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போதும், அவருக்குத் தூக்கம் போய்விடும்.

ஸ்கேனில் கிரேடு 1 என்று போட்டிருக்கிறது, ஆரம்ப நிலைதான். இப்போது தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது, அதற்காகப் பயப்படாதே. நீ 84 கிலோ. அதில் ஏழு சதவீதம், அதாவது ஆறு கிலோ இறக்கினாலே கல்லீரலில் கொழுப்பும் வீக்கமும் நன்றாகக் குறையும். அதற்காகப் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இளைத்துவிடாதே, அதுவும் கல்லீரலுக்கு ஆகாது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நட. வேகமாக என்றால் மூச்சு வாங்க வேண்டும், அப்பா சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி வழியில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டுப் போவது நடையில் சேராது.

சோற்றைப் பாதியாக்கு. அந்த இடத்தில் காய், கீரைக் கூட்டு, சுண்டல், பச்சைப் பயறு, வாரத்தில் இரண்டு நாள் மீன். பாட்டில் ஜூஸ், கூல் டிரிங்க்ஸ் அறவே வேண்டாம், அந்தச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அதைக் கொழுப்பாக்கி வைத்துக்கொள்வது கல்லீரல்தான். பழமாகவே சாப்பிடு. காபி குடிக்கலாம், பாட்டி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு விழுவது குறைவு என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. சர்க்கரை மட்டும் போடாதே.

டீம் லீடர் ஆனதை நீயாகச் சொல்லவில்லை, பிரியா சொல்லித்தான் தெரியும். மாடி வீட்டு மாமி வரைக்கும் சொல்லிவிட்டேன். உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், சரி விடு.

சித்தி கீழாநெல்லிப் பொடி கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன். கீழாநெல்லிக்கு நான் எதிரி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இங்கே தரமணியில் டாக்டர் தியாகராஜன் குழு அதை ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். எங்கள் லேபில் ஒரு வாரம் அதே பேச்சுதான். ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியும் அது வைரஸுக்கான கதை, உனக்கு அந்தக் கிருமியும் இல்லை, மஞ்சள் காமாலையும் இல்லை. இயற்கை மருந்துதானே என்று நீயாக எதையும் வாங்கி விழுங்காதே. கொரோனா சமயத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். லிவர் டீடாக்ஸ் என்று போனில் வருகிற பாட்டில்களும் வேண்டாம். பசித்தால் சாப்பிடு, நட, சோற்றைக் குறை.

காலையில் தலைவலி, தலைவலி என்று பாரசிட்டமால் போடுகிறாயாமே, பிரியாதான் சொன்னாள். ஒரு நாளைக்கு நாலு கிராம் என்பது நல்ல கல்லீரல் உள்ளவனுக்கான உச்ச வரம்பு. உனக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்காமல் தொடாதே. தினமும் காலையில் ஏன் தலை வலிக்கிறது என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்.

சாப்பாடு ஆர்டர் பண்ணுகிற ஆப்பும் என் நம்பரில்தான் இருக்கிறது, தெரியுமா? ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வருகிறது. ஒரு சிக்கன் 65, வேர்க்கடலை மசாலா, இரண்டு சோடா. சோறோ சப்பாத்தியோ எதுவும் இல்லை. மறுநாளும் அதேதான். சோற்றைப் பாதியாக்கு என்று மேலே எழுதிவிட்டேன், நீ சோறே சாப்பிடுவதில்லை.

ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தைப் பார். கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம்கள் இரண்டு, எஸ்.ஜி.ஓ.டி. 98, எஸ்.ஜி.பி.டி. 46. உட்கார்ந்து தின்று வருகிற கொழுப்பில் ஆரம்பத்தில் எஸ்.ஜி.பி.டி.தான் மேலே நிற்கும். உனக்குத் தலைகீழாக, எஸ்.ஜி.ஓ.டி. அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. கீழே இன்னொரு கல்லீரல் என்சைம், ஜி.ஜி.டி. 180. இந்த மூன்றும் இப்படிச் சேர்ந்து வந்தால் லேபில் நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம், டாக்டருக்குப் புரியும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். சித்தப்பாவின் ரிப்போர்ட்டும் இந்த வரிசையில்தான் இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. போரூரில் நாம் இருந்த அந்த வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாய்.

கிரேடு 1இல் இருக்கிறவன் திரும்பி வரலாம். அதை விட்டால் ஜி.ஜி.டி. சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பிக்கும். விடும்போது கை நடுங்கினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, தூக்கமே வராவிட்டாலோ பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகக் கிடக்காதே, உடனே டாக்டரிடம் போ, அதற்கு மருந்து இருக்கிறது. லீவு போட்டு இங்கே வந்தாலும் சரி. அப்பாவிடம் ஃபேட்டி லிவர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. ராத்திரி வேண்டாம், காலையில் பண்ணு. அப்பா பக்கத்தில் இருந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறேன்.

அம்மா