ஹார்ட்விக்கைக் கட்டியவர் ஒரு பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில் பிரபுக்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. டெர்பிஷரில் ஹார்ட்விக் மாளிகையைக் கட்டிய பெஸ் அம்மையாரின் பெயர் மட்டும் இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் கட்டுமான வேலை பார்த்தவன் நான். அந்த வீட்டின் முன் நின்றதும் கண்ணில் பட்டது ஜன்னல்கள்தான். மேலே போகப் போக அவற்றின் உயரம் கூடுகிறது, ஏனென்றால் முக்கியமான அறைகள் மேல்தளத்தில் இருக்கின்றன. சரி, இவ்வளவு கண்ணாடி வைத்தால் சுவர் எப்படித் தாங்கும்? புகைபோக்கிகளை உள்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் வெளிச்சுவரில் ஜன்னலுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. கண்ணாடி மிகவும் விலை உயர்ந்த காலம் அது.

1590இல் வேலை தொடங்கி, 1597இல் பெஸ் குடியேறினார். நான்கு கணவர்களை இழந்து, எழுபது வயதை ஒட்டியிருந்தவர். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்கிறார்கள். ஆனால் ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் நிற்பவை, எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற பெஸ்ஸின் முழுப்பெயரின் முதலெழுத்துகள்.

நீண்ட கூடத்தில் பைபிளில் வரும் வீரன் கிதியோனின் கதை சொல்லும் 13 சித்திரத் திரைகள் உண்டு. 1592இல் ஹாட்டன் குடும்பத்திடம் வாங்கியவை. திரைகளில் இருந்த அவர்கள் குடும்பச் சின்னத்தின் மேல் பெஸ் தன் சின்னத்தை ஒட்டி, அவர்களுடைய பெண்மானுக்குக் கொம்பும் சேர்த்துக் கலைமானாக்கிவிட்டார்!

அடுத்த ஞாயிறாவது இவரைப் பற்றி நாலு வரி போடுங்கள்.

– ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர், டெர்பி