கேள்விக்குப் பிறகு ஐந்து விநாடி விடுங்கள்

பொதுத் தொலைக்காட்சியின் பாலர் நிகழ்ச்சிப் பிரிவினருக்கு,

வணக்கம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

"பூனை எங்கே ஒளிஞ்சிருக்கு?" என்று உங்கள் தொகுப்பாளர் கேட்கிறார். ஒரே விநாடியில் விடையையும் அவரே சொல்லிவிடுகிறார். மூன்று வயதுப் பிள்ளை கேள்வியைக் காதில் வாங்கி, படத்தில் தேடி, சொல்லைப் பிடித்து வாய் திறக்க நாலைந்து விநாடியாவது வேண்டும். எடிட்டிங்கில் அந்த மௌனம் தொய்வாகத் தெரிவதால் வெட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் இசையைப் போட்டு நிரப்புகிறார்கள். "5 விநாடி, இசை வேண்டாம், கேமராவைப் பார்த்துக் காத்திருக்கவும்" என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

எண்கள் விஷயத்தில் எங்களுக்குக் கவலை அதிகம். பாட்டாக ஒன்று முதல் பத்து வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஒரு கிண்ணம் நிறைய மூடிகளைக் கொடுத்து "மூணு மட்டும் குடு" என்றால், கைநிறைய அள்ளித் தருவாள். சொல் வரிசை தெரிகிறது, அளவு தெரியவில்லை. திரையில் எண்கள் பறந்து வருவதால் இது சரியாகாது. விரல் ஒவ்வொரு பொருளையும் தொட வேண்டும், தொடும்போது ஒரு சொல், கடைசியில் "மொத்தம் மூணு" என்று கை எல்லாவற்றையும் வளைத்துக் காட்ட வேண்டும். பொருள்கள் அசையாமல் இருக்கட்டும்.

ஒரே பகுதியை வாரம் முழுக்கப் போடத் தயங்காதீர்கள். 1996-இல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற அமெரிக்கப் பாலர் நிகழ்ச்சி ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பியது. கதை பழகப் பழகத்தான் பிள்ளைகள் விடையைச் சத்தமாகச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

பெற்றோருக்கான பகுதியை இரவு நேர நிபுணர் உரையாக வைத்தால் அது யாருக்கும் போய்ச் சேராது. பிள்ளையும் பெற்றவரும் பக்கத்தில் இருக்கும்போதே, நிகழ்ச்சி முடிந்த கையோடு, நாற்பது விநாடி போதும். ஒரே ஒரு செயல், வீட்டில் கிடக்கும் பொருள், பெற்றவர் பேச வேண்டிய வாக்கியம் அப்படியே. "இது என்ன நிறம்?" என்ற பரீட்சைக் கேள்விக்குப் பதில் ஒரே சொல்லோடு நின்றுவிடும். "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேட்டால் பேச்சு வளரும். முடிந்ததும் டிவியை அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் அது ஓடும் வீட்டில் பெற்றோர் பிள்ளையோடு பேசுவது குறைகிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிகழ்ச்சியே வேண்டாம். அந்த வயதில் திரையிலிருந்து கற்பது நேரில் கற்பதைவிடக் குறைவு. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. இந்த வயதினருக்கான நிகழ்ச்சிக்கு ஆகும் பணத்தைப் பெற்றோர் பகுதிக்குத் திருப்புங்கள்.

'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கப் பாலர் நிகழ்ச்சி 1969-இல் ஒளிபரப்பாகும் முன்பே, அதன் ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் டிவிக்குப் பக்கத்தில் ஸ்லைடு புரொஜெக்டர் வைத்து, ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாற்றி, பிள்ளைகளின் கண் எந்த இடத்தில் திரையை விட்டு விலகுகிறது என்று குறித்தார். நீங்களும் செய்யலாம், செலவு அதிகமில்லை. ஆனால் கண் திரையில் இருப்பதாலேயே புரிந்துவிட்டது என்று ஆகாது. மறுநாள் அதே பிள்ளைகளிடம் நிகழ்ச்சியில் வராத பொருளைக் கொடுத்து "மூணு குடு" என்று கேளுங்கள். முதல் இரண்டு பகுதிகளின் எடிட்டிங் முடிந்த உடனே இதைச் செய்தால்தான் மற்ற பகுதிகளைத் திருத்த நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
பாலர் கல்வி ஆசிரியர்கள்