மார்பகத்தை எடுத்த பிறகு என்ன செய்வது: மலர்விழிக்குக் கடிதம்

அன்புள்ள மலர்விழி,

கடிதம் கிடைத்தது. புற்றுநோய் வார்டுக்கு மாற்றல், மகளுக்கு நர்சிங் சீட், இரண்டும் ஒரே மாதத்தில்! ரொம்ப சந்தோஷம்.

மார்பகத்தை எடுக்கப் போகும் பெண்கள் “திரும்ப வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். முதலில் ரேடியேஷன் உண்டா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள். பாதி முடிவு அதில்தான் இருக்கிறது. கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தாலோ ரேடியேஷன் வர வாய்ப்பு அதிகம். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில்தான் தெரியும். மார்பகத்துக்குப் பதிலாக உள்ளே வைக்கும் செயற்கைப் பைதான் இம்ப்ளான்ட். அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டும். ரேடியேஷன் பட்டால் அந்தச் சவ்வு இறுகி, மார்பு கெட்டியாகி மேலேறி வலிக்கலாம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்குச் சொந்தச் சதையில் செய்வதே பெரும்பாலும் நல்லது. ரேடியேஷன் முடிந்து 6 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள்.

சதையை வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுப்பார்கள். வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, நெஞ்சில் உள்ள குழாயோடு மைக்ராஸ்கோப்பில் இணைப்பதுதான் டீப் ஃப்ளாப். 6 முதல் 8 மணி நேர வேலை. சிசேரியன் தழும்பு பொதுவாகத் தடையில்லை. ஒல்லியானவர்களுக்குச் சதை போதாது. முதுகுத் தசையை எடுப்பது எளிது, ஆனால் முதுகில் நீர் கோப்பது சகஜம், அந்த நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய் அதிக நாள் இருக்கும். தண்ணீர் இறைத்து, சுமை தூக்கிப் பிழைக்கும் பெண்ணிடம் தோளின் இழுவிசை கொஞ்சம் குறையும் என்று முன்பே சொல்லிவிடு.

டீப் ஃப்ளாப் செய்தவர்களுக்கு முதல் 24 மணி நேரம் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். ஃப்ளாப்பை, அதாவது எடுத்து வைத்த சதையை, விரலால் அழுத்தி எடு. நிறம் 2, 3 விநாடியில் திரும்ப வேண்டும். வெளுத்து, சில்லென்று, நிறம் திரும்பாமல் இருந்தால் தமனி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து, வீங்கி, அழுத்தியதும் பட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைத்திருக்கிறது. இந்த இரண்டாவதைத்தான் “நல்லாத்தானே ரத்தம் ஓடுது” என்று விட்டுவிடுகிறார்கள். விடியட்டும் என்று காத்திராதே, உடனே டாக்டரைக் கூப்பிடு. சில மணி நேரம் தாமதித்தால் ஃப்ளாப் போய்விடும்.

இம்ப்ளான்ட் என்றால் பலருக்கு முதலில் எக்ஸ்பாண்டர் என்ற தற்காலிகப் பையை வைப்பார்கள். காயம் ஆறியபின் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதில் 50 முதல் 100 மி.லி. வரை சலைன் ஏற்றித் தோலை விரிப்பார்கள். பிறகு நிரந்தர இம்ப்ளான்ட்டுக்கு இன்னொரு ஆபரேஷன். பல எக்ஸ்பாண்டர்களில் காந்தம் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் கேள். இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வராது; சிலிக்கான் சத்தமில்லாமல் கிழியலாம் என்பதால் 5, 6 வருடத்திலும், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு தடவையும் ஸ்கேன் தேவை. இம்ப்ளான்ட்டின் விவரம் உள்ள கார்டைப் பத்திரமாக வைக்கச் சொல். 2019 ஜூலையில், லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் அரிய வகையோடு தொடர்பு தெரிந்ததால் அலர்கன் கம்பெனியின் பயோசெல் சொரசொரப்பு இம்ப்ளான்ட்டுகள் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டபோது, தன் உடம்பில் இருப்பது எது என்று பெண்களுக்குக் காட்டியது அந்தக் கார்டுதான்.

எந்த முறையில் செய்தாலும் பழைய தொடு உணர்வு பெரும்பாலும் திரும்பாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீ சொல்.

எதுவும் வேண்டாம் என்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. “மனசு மாறினால் உதவும்” என்று உபரித் தோலை விட்டுத் தைத்துவிட்டால், அக்குள் பக்கம் மடிப்பு தொங்கும்; வியர்வையில் புண்ணாகும், ரவிக்கை உரசும். கொஞ்சம் பருமனான பெண்களுக்கு அந்த ஓரத்தை மீன்வால் வடிவில் வெட்டித் தைத்தால் தட்டையாக வரும். “எனக்குத் தட்டையாக வேண்டும், தோல் மிச்சம் வைக்க வேண்டாம்” என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வைக்க வேண்டும். பல பெண்கள் “அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்பார்கள். கேட்கட்டும், ஆனால் அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்து ஒரு தடவையாவது பேசு. இப்போது முடிவெடுக்க முடியாதவர்கள் பிறகும் செய்துகொள்ளலாம். மார்பகத் தோலைக் காப்பாற்றி அதே ஆபரேஷனில் செய்யும் முறை மட்டும் கைவிட்டுப் போகும்.

ட்ரெயினை 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்தபின் எடுப்பதுதான் வழக்கம். குழாயை மேலிருந்து கீழாக உருவிவிட்டு, அளவை நோட்டில் எழுத வீட்டாருக்குக் கற்றுக்கொடு. மார்பகம் வைத்துக்கொள்ளாதவர்களுக்குக் காயம் ஆறும்வரை, சுமார் 6 வாரம், உள்ளாடைக்குள் பஞ்சு பேட் போதும். வெறும் பஞ்சானால் எடையில்லாமல் உள்ளாடை மேலேறும், அதனால் அடி ஓரத்தில் சின்ன எடை வைத்துத் தைக்க வேண்டும். சிலிக்கான் பேட் அதன்பிறகுதான். மறுபக்கத்தின் எடைக்கு ஒத்ததாகப் பார்த்து வாங்கினால் தோள் சாயாது. ரவிக்கைக்கு முன்பக்கக் கொக்கி, உள்ளே பருத்திப் பை. ரேடியேஷன் நடக்கும்போது தோல் சிவந்திருந்தால் பேட்டே வேண்டாம்.

கை வீக்கத்துக்கான பயிற்சிகளை அடுத்த கடிதத்தில் படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
தேன்மொழி