எங்கள் ஊர் பால்வாடிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

சேரன்மகாதேவி பக்கத்தில் எங்கள் ஊர் பால்வாடியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "யாரு டிசைன் பண்ணினது?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். காகிதத்தில் கோடு போட்டது நான்தான். ஆனால் அதில் பாதிக் கோட்டை இடம் மாற்றியது நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஆயாம்மாவுக்கு. சுவர் முழுக்க கார்ட்டூன் வரையலாம் என்று பேச்சு வந்தபோது, "எட்டாத உசரத்துல படம் வரைஞ்சு யாருக்குக் காட்டப் போறிய?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டீர்கள். மூன்று வயதுப் பிள்ளை நின்றால் அதன் கண் 3 அடிக்கும் கீழே இருக்கும், பெரியவர்கள் ரசிக்கிற அலங்காரத்தில் பாதி அதன் பார்வைக்கே வராது. அப்புறம்தான் கீழ்ச்சுவருக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடித்தோம், மேலே வெறும் வெள்ளை. படம் போடுகிற வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

கொத்தனார் அண்ணாச்சி, வராந்தாவை நீட்ட வேப்பமரத்தை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது உங்களிடம் ஃபோனில் ஒரு படம் காட்டினேன். டோக்கியோ பக்கம் தச்சிகாவாவில் இருக்கிற ஃபுஜி மழலையர் பள்ளி, தெசுகா தம்பதி வடிவமைத்து 2007-ல் கட்டியது. வட்டமாக வளைந்த கூரை மேல் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், பழைய மரங்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் அசரவே இல்லை, "மரம் காத்துக்கு ஆடுமே, சுத்தி எடம் விட்டிருக்காவளா?" என்று கேட்டீர்கள். இன்று எங்கள் வராந்தாக் கூரையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மரம் ஆடவும் பருக்கவும் தாராளமாக. அடியில் வட்டத் திண்ணையை வழக்கமான 18 அங்குலத்தில் கட்டாமல் 10 அங்குலத்தில் நிறுத்தியதும் உங்கள் முடிவுதான். உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறது. அதில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி வலிக்கும், வலிக்கட்டும்.

காருக்குறிச்சிப் பானைக்காரர் விலை போகாத பானைகளைச் சும்மா கொடுத்தார். அடியை அறுத்துச் சுவரில் பதித்தோம். தலையை உள்ளே விட்டுக் கத்தினால் குரல் கும்மென்று கேட்கிறது, அந்தப் பக்கத்தில் இன்னொருத்தன் பதில் கத்துகிறான். டீச்சருக்குத் தலைவலி, அதற்கு மட்டும் மன்னிப்பு.

அம்பாசமுத்திரம் கடைசல் பட்டறைக்காரருக்குத் தனி நன்றி. மரச் செப்புச் சாமான் கடைந்து மிஞ்சிய கட்டைகளைச் சாக்கு நிறையக் கொடுத்தீர்கள், அதுவும் முனை மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாய்க்குள் போகிற சைஸை எல்லாம் நீங்களே பொறுக்கி எடுத்துவிட்டு. பொம்மை பொம்மையாகவே இருக்கும், கட்டை அப்படி இல்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு, சோறு தின்ற பிறகு கோயில் கொடைக்குப் போட்ட பந்தல், மறுநாள் தாமிரபரணிப் பாலம்.

டிராக்டரில் மண் கொட்டிய பையன்களே, இரும்புச் சறுக்கு பங்குனியிலேயே தோசைக்கல் ஆகிவிடும் என்று மர நிழலில் மண்மேடு போட்டது நல்ல யோசனை. மழை பெய்தால் கரையும், ஐப்பசி முடிந்ததும் இன்னொரு லோடு வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகப் பத்தமடை அக்காவுக்கு. மத்தியானம் பிள்ளைகள் தூங்குவது உங்கள் கோரைப்பாயில்தான். பாக்கிப் பணத்தை வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறீர்கள், அது சரிப்படாது. திங்கள்கிழமை டீச்சரும் நானும் பணத்தோடு வீட்டுக்கே வருகிறோம், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம்.