தொப்புள்கொடி ரத்தம் பற்றி எங்களிடம் நீங்களே பேசுங்கள்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தங்கைக்கு இது எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்த மறுவாரம் செக்கப்புக்குப் போயிருந்தோம். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பல ஆண்டுகள் பாதுகாத்துத் தருவார்களாம். பின்னாளில் ரத்தப் புற்றுநோயோ, தலசீமியா என்னும் ரத்த நோயோ வந்தால் குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லே மருந்தாகுமாம். "அந்தக் காலத்திலேயே தொப்புள்கொடியைத் தாயத்தில் போட்டு இடுப்பில் கட்டினார்களே, எதற்கு என்று நினைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதும் அம்மா உருகிப்போனார். பணத்தைத் தவணையில் கட்டலாம் என்றதும் தங்கையின் கணவர் பேனாவை எடுத்துவிட்டார்.

நான் பிளஸ் டூ விலங்கியல் ஆசிரியை. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நீங்கள் அறியாதது எதுவும் இல்லை. ஆனால் இதை நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். நான் சொன்னதற்கு, "உனக்கு என்ன, பிள்ளை விஷயத்தில் ரிஸ்க் எடுக்க முடியுமா?" என்றார்கள்.

நம் உடலின் பெரும்பாலான செல்கள் ஏதோ ஒரு வேலைக்கென்று ஆகிவிட்டவை. ஸ்டெம் செல் அப்படி இல்லை. தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும்; தேவைப்படும்போது வேறு செல்லாகவும் மாறும். ஆனால் எல்லா ஸ்டெம் செல்லும் எல்லாமாக ஆகிவிடுவதில்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் முக்கியமாக இருப்பவை எலும்பு மஜ்ஜையில் இருப்பதைப் போன்றவை: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என ரத்தத்தை உண்டாக்குபவை. தாயத்துக்குள் போன கொடியோ காய்ந்து உதிர்ந்தது, அதில் உயிருள்ள செல் கிடையாது. என்னுடையதை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அது பாசம், அப்படியே இருக்கட்டும். அதை வைத்து வியாபாரம் பேசுவதுதான் பொறுக்கவில்லை.

தொப்புள்கொடி ரத்தம் உயிர் காத்தது உண்மை. 1988-ல் பாரிஸில், ஃபன்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு அதைச் செலுத்தி மருத்துவர் எலியான் குளக்மன் குழுவினர் குணப்படுத்தினார்கள். கவனிக்க வேண்டியது, அது அவனுடைய ரத்தம் அல்ல. புதிதாகப் பிறந்த தங்கையின் ரத்தம். தலசீமியா மரபணுவில் வரும் நோய். அந்தக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே குறை இருக்குமே, அதைத் திரும்பச் செலுத்தி என்ன பயன்? குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலும், அதற்கான முதல் மாற்றம் சில நேரம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிறது. அதோடு, வேறொருவரின் செல்களுக்கு மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தாக்கும் திறன் உண்டு. சொந்தச் செல்களுக்கு அது கிடைக்காது. துண்டறிக்கையில் அச்சிட்டிருந்த நீண்ட நோய்ப் பட்டியலில் இந்த வேறுபாடு பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு கொடியிலிருந்து கிடைப்பதும் கொஞ்சம்தான். வளர்ந்த ஒருவருக்குப் பெரும்பாலும் போதாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உங்களிடம் இருக்கும். ரத்த நோய்களுக்காக ரத்த ஸ்டெம் செல்களை மாற்றிச் செலுத்தும் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன என்கிறது அது. குழந்தையின் சொந்தத் தேவைக்கென்று தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கியில் சேமிப்பதையும் கழகம் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இந்தச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளை இருந்தால் அது வேறு, அங்கே சேமிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா 2006-ல் எலியின் சாதாரணச் செல்களையே ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டி, 2012-ல் நோபல் பரிசு பெற்றார். வகுப்பில் அதை நடத்தும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அந்த அறிவியலின் பெயரைச் சொல்லி எங்கள் பயத்தை விலையாக்குவது வேறு காரியம்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பிறந்த நிமிடத்தில் அந்த ரத்தம் குழந்தைக்கே தேவை. கொடியை உடனே வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் கொடி வழியே போகும் ரத்தம் முதல் மாதங்களுக்கான இரும்புச்சத்தைத் தருகிறது. ரத்தசோகை இவ்வளவு பரவிய நாட்டில் இது சின்ன விஷயமா? சேமிப்புப் பைக்கு நிறைய ரத்தம் வேண்டுமென்றால் கொடியைச் சீக்கிரம் வெட்டத் தோன்றும். இதைப் பேனா எடுத்த எங்களிடம் அன்று யாரும் சொல்லவில்லை.

அதனால் கேட்கிறேன். காத்திருப்புக் கூடத்தில் விற்பனைப் பிரதிநிதிகளை அனுமதிக்காதீர்கள். உங்கள் மருத்துவமனைக்கு இதில் கமிஷன் உண்டென்றால், கையெழுத்துக்கு முன் அதைக் குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கி நீங்களே பேசுங்கள். அப்புறம், அந்தத் துண்டறிக்கை இருந்த மேசையில் ரத்த ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டின் படிவத்தை வையுங்கள். உடன்பிறந்தவரின் செல் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான்; பொருந்தாதவர்கள் பதிவேட்டில்தான் கொடையாளரைத் தேட வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் பதிவுக்குப் போதும். மனைவியோடு வந்து காத்திருக்கும் எத்தனையோ இளம் அப்பாக்கள் கொடுப்பார்கள்.

தங்கையின் கணவர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கொடியை எப்போது வெட்டுவீர்கள் என்று அவள் தன் டாக்டரிடம் கேட்கப்போகிறாள்.

அன்புடன்,
ஒரு பெரியம்மா